மூன்றாவது பதில்

அந்த மின்விசிறியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்புங்கள் ஐயா. நேரே அடித்தால் எனக்குத் தும்மல் வரும். திருப்புங்கள், சொல்கிறேன்.

நான் படிக்காதவன். இந்த இலோயிலோ ஊர் மீன் சந்தையில் ஐஸ் உடைத்தவன். கையில் பலம் விட்டுப்போன பிறகுதான் இந்தக் கம்ப்யூட்டர் கடை. காசு போட்டால் மெஷின் ஓடும், தீர்ந்தால் நின்றுவிடும். நான் யாரையும் நம்புகிறதில்லை. உள்ளே வருகிறவன் பையை என் கவுண்டரில் வைத்து டோக்கன் வாங்க வேண்டும். டோக்கன் தந்தால்தான் பை. பிஷப் வந்தாலும் அதுதான்.

வில்மர் ட்ரைசிக்கிள் ஓட்டுகிறவன். என்னை லோலோ, அதாவது தாத்தா, என்றுதான் கூப்பிடுவான். மதியம் சவாரி இல்லாதபோது வந்து ஜன்னலோர மெஷினில் உட்காருவான். அவன் ஆடுகிற ஆட்டத்தை நானும் ஆடுகிறேன். ஓர் ஆளை உருவாக்கி, அவனாகவே நடந்து, பேசி, முடிவெடுக்கிற ஆட்டம். கூடவே மயுமி என்று ஒரு வைத்தியக்காரி வருவாள். மலைப்பாலம் அறுகிறபோது திரையில் மூன்று பதில் வரும். ஒன்றைத் தொட வேண்டும். நான் தப்பானதைத் தொட்டுவிட்டேன். விழுந்துவிட்டாள். அவள் இல்லாமலேயே மிச்சத்தை ஆடி முடித்தேன்.

வில்மர் வேண்டுமென்றே அவளை விழவிடுவான். அவள் அலறுவதைக் கேட்டுச் சிரிப்பான். பிறகு சேமித்து வைத்த இடத்துக்கு ஆட்டத்தைத் திருப்பிக்கொள்வான். லோட் என்பார்கள் அதை. அவள் ஒன்றும் நடக்காத மாதிரி வந்து நிற்பாள். நான் கேட்பேன்:

"செஞ்சது செஞ்சதா இருக்க வேணாமாடா? இல்லேன்னா அது என்னடா வேஷம் கட்டுற ஆட்டம்?"

"லெவல் ஏறுதா, கத்திக்குப் பலம் ஏறுதா, அதான் ஆட்டம், லோலோ. நீ என்னமோ பொண்டாட்டி செத்த மாதிரி துக்கம் காக்குற."

"திரும்பி வர முடிஞ்சா அது முடிவே இல்லடா."

"பாருங்கடா, ஐஸ் உடைச்ச கை மௌஸைப் பிடிச்சதும் பிரசங்கம் பண்ணுது."

கடையே சிரிக்கும். எத்தனை தடவைதான் சொல்வது? சுவரிடம் பேசின மாதிரி.

செவ்வாய்க்கிழமையும் அவளை விழவிட்டுச் சிரித்தான். சிரிப்பு இருமலானது. அவனுக்கு மூச்சிழுப்பு உண்டென்று தெருவுக்கே தெரியும். இழுக்கிற மருந்துக் குப்பி அவன் பையில். பை என் கவுண்டருக்குள். தடுமாறி வந்து கையை நீட்டினான்.

"லோலோ... பை..."

"டோக்கன் எங்கடா?"

மெஷின் பக்கம் கையைக் காட்டினான். கீபோர்டு ஓரத்தில் கிடந்தது. நானும் பார்த்தேன். அப்போது என் கண் முன்னால் மூன்று பதிலும் தெளிவாக வந்து நின்றன ஐயா. பையைக் கொடு. ஆளைக் கூப்பிடு. பேசாமல் இரு.

மூன்றாவதைத் தொட்டேன்.

மற்றவர்கள் காதில் ஹெட்போன், ஒருவரும் திரும்பவில்லை. அவன் கவுண்டர் பலகையைப் பிடித்தபடியே கீழே சரிந்தான். உதடு நீலமானது. குனிந்து, "இப்போ லோட் பண்ணு பார்க்கலாம்" என்றேன். கோபமாகச் சொல்லவில்லை. அவனுக்குப் புரிந்தது, கண்ணிலேயே தெரிந்தது. இத்தனை நாளில் அன்றுதான் என் பேச்சை முழுசாகக் கேட்டான். ஆஸ்பத்திரிக்குப் போனது உடம்புதான்.

கடை விதியை நான் மீறவில்லை. டோக்கன் தந்திருந்தால் தந்திருப்பேன். கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள், கைரேகை வைக்கிறேன். செஞ்சது செஞ்சதுதான்.

அவன் பை இன்னும் கவுண்டருக்குள்தான் இருக்கிறது ஐயா. குப்பி மேல் ஜிப்பில் இருக்கும். என்னை ஒரே ஒரு தடவை கூட்டிக்கொண்டுபோய் என் கவுண்டர் நாற்காலியில் உட்கார வையுங்கள். அவன் எழுந்து வந்து கையை நீட்டட்டும். இந்தத் தடவை முதல் பதிலைத் தொடுகிறேன்.