பீரங்கிப் படகுக்கு வழி காட்டினவன்

எழுந்திருக்காதீங்க துரை, தொடைக்காயம் மறுபடி கசியுது. உங்களச் சாகவிட்டா திரும்பி வந்து இந்தக் குடிசையக் கொளுத்துவேன்னு உங்க கேப்டன் சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்த ஒரே காரணத்துக்காகத்தான் இந்தச் சோளக்கஞ்சி. பாசம் கீசம்னு நெனச்சுக்காதீங்க.

என்ன மொறைக்கிறீங்க? உங்க பீரங்கிப் படகு சின்னதுதான். ஒத்தப் புகைக்குழாய், மூக்குல ஒரு பீரங்கி. ஆனா இந்தப் பராகுவை ஆத்துல பெரிய கப்பல் எட்டிப் பாக்காத ஓடையிலகூட வயித்தத் தேச்சுக்கிட்டு நுழைஞ்சிருது. அதனாலதானே எங்க துறைவரைக்கும் வந்து சுட்டீங்க? போன மாசம் துணி அலசிக்கிட்டிருந்த பொண்ணு, பாசிலிசான்னு பேரு. சிப்பாய்னு நெனச்சுட்டீங்களாம். அவ கையில இருந்தது சோப்புக்கட்டி.

இப்ப உங்க படகு மேலாத்துச் சதுப்புல ஒளிஞ்சிருக்கிறவங்களச் சுடப் போயிருக்கு. அம்புட்டும் பொம்பளைங்க, பச்சப்புள்ளைங்க. சிப்பாய் ஒருத்தனும் இல்ல. சொன்னா நம்பவா போறீங்க?

படகுக்கு வழி காட்ட ஏறிப் போனானே, அவனா? ஓ, மரியாதை தெரிஞ்சவன்னு மெச்சிக்கிறீங்களாக்கும். காலையில என் கையால மாத்தே இலைக் கசாயம் வாங்கி உறிஞ்சிட்டு, சுரைக்குடுக்கையத் திருப்பிக் குடுக்கையில நன்றின்னு சொன்னான். காட்டுப்பயலுக்கும் நாகரிகம் வந்திருச்சேன்னு நீங்க எல்லாரும் சிரிச்சீங்க.

அது மரியாதை இல்ல துரை. இங்க குடுக்கை கைமாறி வர்றப்ப யாரும் நன்றி சொல்ல மாட்டோம். சொன்னா, போதும், எனக்கு இனிமே ஊத்தாதேன்னு அர்த்தம். பானையில தண்ணி வத்துறவரைக்கும் எழுந்திருக்காத மனுஷன், மொதக் குடுக்கையிலயே சொல்லிட்டான். என் மூஞ்சியப் பாத்துச் சொன்னான். நானும் மறுபடி ஊத்தல.

இடியா? வானத்தப் பாருங்க, பொட்டு மேகம் இல்ல. முழு வேகத்துல கொண்டுபோய்ப் பாறைத்திட்டுல ஏத்தினா பாய்லர் இப்படித்தான் வெடிக்கும்போல. நானும் இப்பத்தான் கேக்கறேன்.

கத்தாத. ஓடி வர்றதுக்கு இங்க யாரு இருக்கா? கூலிக்கு ஆசப்பட்டுத் தானா வந்து ஏறுனான்னு நெனச்சியே, அவன் பேரக் கேட்டியா? லிபோரியோ. பாசிலிசாவோட அப்பன்.

எனக்கா? எனக்கு அவன் புருஷன்.