புயல் லீவுக்கு மைசூர்

அன்னபூர்ணி: நிஜத்தைச் சொல்லு பிரதிபா. எங்கே இருக்கே?

பிரதிபா: சென்னையிலதான் மன்னி. அக்ஷதா ஸ்கூலுக்குப் புயல் லீவு விட்டுட்டா. ஆத்துலயே அடைஞ்சு கிடக்கோம்.

அன்னபூர்ணி: மழை?

பிரதிபா: கொட்டறது போங்கோ...

அன்னபூர்ணி: பின்னாடி யாரோ கன்னடத்துல மைக் போட்டுக் கத்தறாளே?

பிரதிபா: அது... டி.வி.

அன்னபூர்ணி: 'ஊட்டக்கெ க்யூநல்லி நில்லி'ன்னு எந்தச் சேனல்டி வரிசை கட்டிச் சாப்பாடு போடறான்?

பிரதிபா: ஏதோ சமையல் சேனல் மன்னி...

அன்னபூர்ணி: சும்மாதான் கேட்டேன். சொல்ல இஷ்டமில்லேன்னா விடு.

பிரதிபா: உங்க மைசூர்லதான் மன்னி இருக்கேன்.

அன்னபூர்ணி: அடிப்பாவி!

பிரதிபா: கோச்சுக்காதேங்கோ. அங்கே புயல் வர்றது, மைசூர்ல வெயில் காயறதுன்னு டி.வி.ல சொன்னா. அக்ஷதாவும் வாட்டர் பார்க், வாட்டர் பார்க்னு உயிரை வாங்கினா. ரெண்டே நாள், போயிட்டு வந்துடலாம்னு...

அன்னபூர்ணி: போன மாசம் எங்க கிரகப்பிரவேசத்துக்குக் கூப்பிட்டப்போ அவளுக்குப் பரீட்சைன்னே. ரெண்டாங்கிளாஸ்ல அப்படி என்ன பரீட்சை, ஐ.ஏ.எஸ்ஸா?

பிரதிபா: யூனிட் டெஸ்ட் மன்னி, சத்தியமா...

அன்னபூர்ணி: கூடப் பொறந்தவ வரலேன்னு உங்கண்ணா பால் காய்ச்சறப்போ கூட மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டு நின்னார். உனக்குன்னு எடுத்த புடவை பீரோல அப்படியே கிடந்தது. நீ என்னடான்னா, ஊருக்குள்ள வந்து, எங்காத்து வாசப்படி மிதிக்காம, சறுக்கு விளையாடறே!

பிரதிபா: அண்ணாகிட்ட மட்டும் சொல்லிடாதேங்கோ.

அன்னபூர்ணி: நான் சொல்ல மாட்டேன். சறுக்கினியா?

பிரதிபா: எங்கே சறுக்கறது? வந்த அன்னிக்கு மத்தியானமே காத்து ஆரம்பிச்சுடுத்து. கேட்டுக்கு வெளியில மரம் விழுந்து, ரோடெல்லாம் ஆறு. எங்க கார் அந்த மரத்துக்கு அடியிலதான் இருக்கு. ரெண்டு நாளா பார்க்கோட டைனிங் ஹால்தான் எங்களுக்கு ஆம்.

அன்னபூர்ணி: சென்னையில கரையேறின புயல் உன்னைத் தேடிண்டு இவ்வளவு தூரம் வந்திருக்கு பாரு. சொந்தக்காராளைவிட அதுக்குத்தான் உன் மேல பாசம்.

பிரதிபா: பண்ணுங்கோ, நன்னா கேலி பண்ணுங்கோ! இங்கே ஒருத்தர், விளையாடாத அரை நாளை அடுத்த வருஷம் வந்து விளையாடிக்கறேன், எழுதிக் குடுன்னு மேனேஜர் சட்டையைப் பிடிக்கறார். ஒரு மாமி, அலை அடிக்கற குளத்துல அலையே இல்லேன்னு சண்டை.

அன்னபூர்ணி: ரோட்டுல அடிக்கறதே, அது போறாதாமா அவளுக்கு? சரி, என்ன சாப்பாடு?

பிரதிபா: மூணு வேளையும் சித்ரான்னம். இப்போகூட அதுக்குத்தான் க்யூல நின்னுண்டிருக்கேன்.

அன்னபூர்ணி: ஐயோ பாவம். கிரகப்பிரவேசத்துல ஒப்பட்டுப் போளியும் பிஸிபேளேபாத்தும் மீந்து போய்த் தெருவுக்கே கொடுத்தேன்.

பிரதிபா: அந்தச் சித்ரான்னமும் இப்போ அரைத் தட்டுதான். நேத்தி சாயங்காலம் பக்கத்து லேஅவுட் ஜனங்களை டிராக்டர்ல ஏத்திண்டு வந்து இங்கேயே இறக்கிட்டா மன்னி! டிக்கெட்டும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. எங்களுக்கு வடிச்ச சாதத்துல அவாளுக்கும் பங்கு.

அன்னபூர்ணி: அவாளுக்குப் பசிக்காதோ?

பிரதிபா: பசிக்கட்டுமே! ஏரியைத் தூத்து வீடு கட்டிண்டா தண்ணி வராம என்ன பண்ணும்? கணபதி ஹோமம் பண்ணிட்டா ஏரி பயந்து ஓடிடுமா? பார்த்தா படிச்சவாளாட்டம்தான் இருக்கா. புத்தி எங்கே போச்சு? மன்னி? கேக்கறதா?

அன்னபூர்ணி: நன்னாவே கேக்கறது.

பிரதிபா: உங்க பக்கம் எப்படி? புது ஆம் மேட்டுலதானே?

அன்னபூர்ணி: மேடுன்னுதான் புரோக்கர் சத்தியம் பண்ணினான்.

பிரதிபா: கரண்ட் இருக்கா?

அன்னபூர்ணி: அந்தக் கவலையே எனக்கு இப்போ இல்லை.

பிரதிபா: கொடுத்து வச்சவா நீங்க... மன்னி, ஒண்ணு கேக்கட்டுமா?

அன்னபூர்ணி: கேளேன்.

பிரதிபா: அக்ஷதாவுக்கு ஜுரம். காலையிலேர்ந்து நூத்திரண்டுக்குக் கீழே இறங்கவே இல்லை. தரையெல்லாம் ஈரம். அந்த ஈரத்துலயே தூணோரம் சுருண்டு கிடக்கா. டாக்டரைத் தேடிப் போன எங்காத்துக்காரர் இன்னும் திரும்பலை. எனக்கு பயமா இருக்கு மன்னி.

அன்னபூர்ணி: அடக் கடவுளே... இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

பிரதிபா: எந்த முகத்தை வச்சுண்டு சொல்றது? நான் பண்ணினது தப்புதான். நாலு அறை வேணாலும் விடுங்கோ. நான் இங்கேயே கிடக்கேன். அவளை மட்டும் உங்காத்துல ஒரு காஞ்ச இடத்துல படுக்க வைங்கோ. எப்படியாவது தூக்கிண்டு வந்துடறேன். கோவமா மன்னி?

அன்னபூர்ணி: கோவமெல்லாம் இல்லைடி.

பிரதிபா: பின்னே, வான்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா மன்னி?

அன்னபூர்ணி: எந்த ஆத்துக்குடி வான்னு சொல்லுவேன்? புது ஆத்துல ஜன்னல் மட்டத்துக்கு ஏரி நிக்கறது. புத்தி இல்லாதவான்னியே, அந்த டிராக்டர்ல வந்தவ நானும்தான். திரும்பிப் பாரு, உனக்குப் பத்து ஆள் பின்னாடி, தலையில துண்டைப் போத்திண்டு நிக்கறேன். மேடையோரம் உங்கண்ணா காஞ்ச மேஜை ஒண்ணு பிடிச்சு வச்சிருக்கார். குழந்தையை நான் தூக்கிண்டு போய் அதுல படுக்க வைக்கறேன்... அழாதே, இடத்தை விட்டு நகராதே. அண்டா காலியாறதுக்குள்ள எனக்கும் உங்கண்ணாவுக்கும் சேர்த்து வாங்கு.