பதினெட்டாவது சுற்று

உங்கள் காவல் நிலையத்துக் காப்பி பரவாயில்லை, ராக்னில்ட். மலையுச்சியில் ஃபிளாஸ்கைத் திறந்து குடிப்பதற்கு ஈடாகாது. ஆனாலும் குறை சொல்லமாட்டேன்.

நானும் ஐலிஃபும் இருபத்திரண்டு வருடங்களாகச் சேர்ந்து மலையேறினோம். முதுகுப்பையில் ஹாம் ரேடியோ, கொஞ்சம் கம்பி, ரொட்டி, பழுப்புப் பாலாடைக்கட்டி. உச்சியிலிருந்து நாலு பேரோடாவது ரேடியோவில் பேசினால்தான் ஏறினது செல்லும். அது எங்கள் விளையாட்டின் விதி.

ஐலிஃப் ஆன்டெனாக் கம்பியை அளந்து அளந்து வெட்டுகிறவன். எனக்கு எந்தக் கம்பியானாலும் சரி. நடுவில் ஒரு ட்யூனரை வைத்தால் ரேடியோவும் கம்பியும் ஒத்துப்போய்விடும். போன குளிர்காலம் முழுக்க அப்படி ஒன்றைச் செய்தேன். மிட்டாய் டப்பாவுக்குள் அடங்கிவிடும். சிவப்பு வளையத்தில் பதினெட்டுச் சுற்று செப்புக்கம்பி, திருகுவதற்கு இரண்டு குமிழ்கள், ஒரு பொட்டு விளக்கு. சக்தி கம்பியில் ஏறாமல் திரும்பி வந்தால் விளக்கு எரியும். பொருந்திவிட்டால் அணையும். என்னுடையது முழுதாக அணைந்ததே இல்லை. எப்படித் திருகினாலும் மங்கலாக ஒரு சிவப்பு மிஞ்சும்.

சனிக்கிழமை மத்தியானம், உச்சியில் மூன்று பேரோடு பேசிவிட்டேன். ஐலிஃப் டப்பாவை எட்டிப் பார்த்தான்.

"என்னடா இது, கிறிஸ்துமஸ் விளக்கா? அணையவே மாட்டேங்குது."

"இதுவே போதும், விடு."

"போதுமாம்ல! ஒரு சுத்து அதிகமாச் சுத்தியிருக்கடா, ஹால்வார். குளிர்காலம் பூரா உக்காந்தும் எண்ணத் தெரியலையா உனக்கு?"

நான் காப்பி ஊற்றத் திரும்பினேன். அதற்குள் பேனாக்கத்தியால் ஒரு சுற்றை அவிழ்த்து நறுக்கி, முனையைச் சுரண்டி முறுக்கிவிட்டான். சோதித்துப் பார்க்க மைக்கில் ஒரு விசில் அடித்தான். விளக்கு சுத்தமாக அணைந்துவிட்டது.

"பாத்தியா? வியாழக்கிழமை கிளப்புல எல்லார்கிட்டயும் சொல்றேன், உன் டப்பாவுக்கு நான்தான் வைத்தியம் பாத்தேன்னு."

சிரித்தான். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். ஆன்டெனாக் கம்பத்துக்கு அண்டை கொடுத்திருந்த கற்களில் ஒன்றை எடுத்தேன். முதல் அடிக்கு அவன் ஆச்சரியப்பட்டான். இரண்டாவதுக்கு உட்கார்ந்தான். மூன்றாவது காதுக்கு மேலே விழுந்தது. முட்டை ஓடு நசுங்கின மாதிரி சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு எத்தனை என்று தெரியாது. எனக்குத்தான் எண்ணத் தெரியாது என்று அவனே சொல்லிவிட்டானே.

பிரேதத்தைப் பரிசோதித்த மருத்துவர் சொன்னது சரிதான். நாற்பது நிமிடம் உயிரோடு இருந்தான். குறட்டை மாதிரி மூச்சு வந்துகொண்டிருந்தது. நான் கையைத் துடைத்துவிட்டு நாலாவது ஆளைத் தேடினேன். பெர்கனிலிருந்து ஒரு பெரியவர் கிடைத்தார்.

"குரல் கணீர்னு கேக்குதே! தனியாவா வந்திருக்கீங்க? எல்லாம் நல்லபடியா இருக்கா?"

"தனியாத்தான். எல்லாம் நல்லாருக்கு."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஹெலிகாப்டர் வந்திருக்கும். தெரியும். ஆனால் அவர் என்ன ட்யூனர் என்று ஆசையாகக் கேட்டார். நானே செய்தது, பதினேழு சுற்று என்றேன். வளையத்தின் அளவுகூடச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். நாங்கள் பேசி முடிப்பதற்குள் குறட்டை நின்றிருந்தது.

ஆக, கொன்றது நான்தான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். இந்த வாக்குமூலத் தாளில் ஒரே ஒரு வரியை மட்டும் திருத்துங்கள். அவன் கைக்குள் இருந்த அந்தச் சுண்டுவிரல் நீளக் கம்பியைப் பற்றி, 'ஐலிஃப் ட்யூனரைச் சரிசெய்தபோது நறுக்கியது' என்று எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டாவது சுற்று அதிகம் என்பது எனக்கு முன்பே தெரியும். நானே அவிழ்ப்பதாகத்தான் இருந்தேன்.