குப்பை சாருக்கு ஒரு கூடை சருகு

மேடையில் அமர்ந்திருக்கும் வேளாண்மை அதிகாரி அவர்களே, எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் அவர்களே, நம் சாரை உயிரோடு ஏற்றிச் சென்று உயிரில்லாமல் திருப்பிக் கொண்டுவந்த படகோட்டித் தம்பி அவர்களே, முன் வரிசையில் மகளின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கும் சாரின் மனைவியே, எனக்குத் தங்கை போன்றவளே, உள்ளே இடமில்லாமல் வாசலிலும் சன்னலோரத்திலும் நிற்கும் தீவு மக்களே! விவசாயிகள் சங்கத்தின் தலைவி என்ற முறையில் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஒலிபெருக்கியை அவர்தான் எப்போதும் சரிசெய்து கொடுப்பார். இன்று அது கரகரக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரசாங்கம் அவருக்குக் கொடுத்த பட்டம் மண்வள அலுவலர். நாம் கொடுத்த பட்டம் குப்பை சார். கேலியாகத்தான் கொடுத்தோம். வேறு எந்தப் பெயரில் அவரைக் கூப்பிட்டோம், சொல்லுங்கள்?

அவர் வருவதற்கு முன்னால் இந்தத் தீவின் மண் எப்படி இருந்தது? மண்ணா அது? மழை பெய்தால் கடலுக்கு ஓடும், வெயில் அடித்தால் வெந்துபோகும். மூட்டை மூட்டையாக உரம் வாங்கிக் கொட்டினோம். அதுவும் மழையோடு மீன்களுக்குப் போய்ச் சேர்ந்தது. கத்தரிச் செடி முழங்காலைத் தாண்டியதா? காய்கறி படகில் வரும். கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் வெறும் சோறுதான். அப்படிப்பட்ட நாளில் வந்து இறங்கிய மனிதர் முதலில் என்ன கேட்டார் தெரியுமா? தங்க இடம் கேட்கவில்லை. "இங்க குப்பையெல்லாம் எங்க கொட்டுறீங்க?" என்று கேட்டார். "அக்கா, ஆளு படிச்சவர் மாதிரிதான் இருக்காரு, ஆனா வந்ததும் வராததுமா குப்பையைத் தேடுறாரு!" என்று இந்தப் படகோட்டித் தம்பிதான் தீவு முழுக்கச் சொல்லிச் சிரித்தான். இன்று தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

நாம் தினமும் சாயங்காலம் பெருக்கிக் குவித்துக் கொளுத்திய சருகை அவர் கூடையில் வாங்கிக்கொண்டு போனார். தேங்காய் மட்டையைப் பள்ளம் தோண்டிப் புதைத்தார். கடல்பாசியை மழையில் போட்டு உப்பு போக அலசினார். வாழைக்குக் கீழே பயறு, பயறுக்குக் கீழே சருகு என்று மண் கண்ணில் படாதபடி மூடி வைத்தார். "மண்ணை வெறுமனே விடாதீங்கம்மா, அதுக்கும் வெயில் சுடும்." எத்தனை முறை கேட்டிருப்போம் இதை! காது புளித்துப் போகவில்லையா நமக்கு?

ஆனாலும் நாம் என்ன செய்தோம்? மேலிடத்திலிருந்து அவருடைய மாதிரித் தோட்டத்தைப் பார்வையிட வருகிறார்கள் என்றதும் நமக்குக் கவலை வந்துவிட்டது. பெரிய மனிதர்கள் வருகிற நேரத்தில் தோட்டம் முழுக்கச் சருகு கிடந்தால் சாருக்கு அசிங்கமில்லையா? அவர் வந்தவர்களை அழைத்துவரப் படகுத் துறைக்குப் போயிருந்த நேரத்தில், ஊரே திரண்டு போய்ப் பெருக்கினோம். ஒரு இலைகூட மிச்சமில்லை. குவித்துக் கொளுத்தியும் விட்டோம். அன்பினால் செய்தோம் ஐயா, சத்தியமாக அன்பினால்தான் செய்தோம்! அவர் புகையைப் பார்த்துக்கொண்டே வந்தார். "யாரு பெருக்குனது?" என்றார். "எல்லாருந்தான் சார்!" என்று மீன்காரம்மா பெருமையாகச் சொன்னாள். "நல்லா சுத்தமா பெருக்கியிருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். வந்தவர்கள் போன பிறகு, மண்வெட்டி வைக்கும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதார். மறுநாள் காலையில் கூடையோடு நம் வீட்டு வாசல்களில் வந்து நின்றார். "குப்பை இருக்கா?" என்றார். திட்டினாரா? ஒரு வார்த்தை திட்டினாரா?

அந்த மனிதர் போய்விட்டார். எப்படிப் போனார் என்பதையும் பேசத்தான் வேண்டும். பெருமழையில் சந்தைச் சாக்கடை அடைத்துக்கொண்டு, தண்ணீர் தோட்டத்துக்குள் புகுந்தது. அடைப்பை எடுக்க அவரே இறங்கினார், வெறுங்காலோடு, குதிகாலில் வெட்டுக்காயத்தோடு. பூட்ஸ் போடுங்கள் என்று நான் எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன்! "பூட்ஸ் போட்டா மண்ணு ஈரமா இருக்கா இல்லையானு கால் எப்படிம்மா சொல்லும்?" என்று சிரிப்பார். சொன்னதைக் கேட்காத மனிதர். இப்போதும் எனக்கு அவர்மேல் கோபம் தீரவில்லை. காய்ச்சல் வந்தது. கடல் படகை விடவில்லை. அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கண் மஞ்சளாகிவிட்டது, சிறுநீரகம் நின்றுவிட்டது. எலிக்காய்ச்சல் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து தீவில் ஒரே பேச்சு. "குப்பைதான் சாரைக் கொன்னுடுச்சு." என் காதிலும் விழுந்தது. இந்தப் பள்ளிக் கட்டடத்துக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். அவர் தோட்டத்துச் சருகு முழுவதையும் வாரிக்கொண்டு வந்து மலையாகக் குவித்திருக்கிறீர்கள். பக்கத்தில் மண்ணெண்ணெய் கேன். இந்தக் கூட்டம் முடியட்டும் என்று காத்திருக்கிறீர்கள். மரியாதைதான்! மேடை ஏறுவதற்கு முன்னால் அதிகாரி என்னிடம் சொன்னார்: "மக்களே வேணாம்னு சொன்னா நாங்க என்னம்மா பண்றது? தோட்டத்துக்குக் குடுத்த நிலத்தைத் திரும்ப எடுத்துக்குவோம்." நிலம் போனால் மறுபடியும் படகைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

குப்பையா கொன்றது? நோய் சாக்கடைத் தண்ணீரில் இருந்தது. சந்தையில் மிஞ்சிய தீனியை நாம் சாக்கடையில் வீசினோம். அதைத் தின்று எலி பெருகியது, எலி மூத்திரத்தில் தண்ணீர் கெட்டது, காயத்தின் வழியே நோய் ஏறியது. டாக்டரே அவர் மனைவியிடம் சொன்னது இது. சருகுக்குள் எலி வராதா என்றால் வரும். சோற்றுக் கழிவை மூடாமல் போட்டால் வரத்தான் செய்யும். அதனால் கழிவை ஆழப் புதைப்போம், சாக்கடையைச் சுத்தமாக வைப்போம், பூட்ஸ் போடுவோம். அவர் பேச்சில் கேட்கக்கூடாதது அந்த வெறுங்கால் ஒன்றுதான்.

உங்களில் யாருக்காவது சருகின்மேல் கோபப்பட உரிமை உண்டென்றால், அது இந்தத் தங்கைக்குத்தான். நேற்று அவரை அடக்கம் செய்தபோது இவள் என்ன செய்தாள்? குழியை மூடி, மண்ணைத் தட்டி, சுற்றிலும் சுத்தமாகப் பெருக்கிவிட்டு நாம் திரும்பினோம். இவள் நகரவில்லை. வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "மூடி விடுங்கக்கா. அவருக்கு வெயில் சுடும்" என்றாள். நம் கையில் ஒரு இலை இருந்ததா? எல்லாவற்றையும் இங்கே குவித்து வைத்திருந்தோம்! இந்த நேரத்திலும் அவர் வெயிலில்தான் கிடக்கிறார்.

அதிகாரி அவர்களே, நிலம் எங்களுக்கு வேண்டும். சங்கத்தின் சார்பில் இதை எல்லோர் முன்னிலையிலும் சொல்கிறேன். வேறு அலுவலர் வரும்வரை தோட்டத்தை நாங்கள் பார்த்துக்கொள்வோம். வராவிட்டாலும் பார்த்துக்கொள்வோம்.

அடுத்தது மௌன அஞ்சலி என்றார்கள். நின்ற இடத்தில் சும்மா நிற்க வேண்டாம். ஆளுக்கு ஒரு கூடை சருகு அள்ளுவோம். முதலில் அவர் மேல், பிறகு அவர் தோட்டத்தில். பேசாமல் போடுவோம். தலைமை ஆசிரியர் அவர்களே, அந்த மண்ணெண்ணெய் கேனை உள்ளே வைத்துப் பூட்டுங்கள். எழுந்திரும்மா தங்கச்சி. முதல் கூடை உன்னுடையது.