முதுகு இல்லாத பக்கெட்

உங்கள் அறிக்கை நன்றாகவே இருக்கிறது, சார். ஸ்டேஷன் எழுத்தரிடம் கேட்டு வாங்கி ஒரு தடவை படித்துப் பார்த்தேன். தேதி சரி, நேரமும் சரி, காலை பத்தரை. சரிவுப் பாதையின் நீளத்தைக்கூட நடந்து அளந்து எழுதியிருக்கிறீர்கள். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரிதான் தப்பு. 'டிராக்டர் பக்கெட் சரியான முறையில் செய்யப்படாததால் இந்த மரணம் நேர்ந்தது' என்று இருக்கிறது. அதைத் திருத்தச் சொல்லத்தான் வந்தேன்.

அந்தப் பக்கெட்டைச் செய்தவன் நான். இருபத்திரண்டு வருடமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பட்டறைக்குள் வந்தால் முதலில் கண்ணில் படுவது சாய்வு பார்க்கும் ரசமட்டமும் மூலைமட்டமும்தான். ஜன்னல், படிக்கட்டு, தண்ணீர் டேங்க் நிற்கும் சட்டம், எது கேட்டாலும் செய்து கொடுத்திருக்கிறேன். என் கையிலிருந்து போனதில் கோணலாக நின்றது ஒன்றே ஒன்று. அது என் தங்கை வீட்டு கேட்.

அதுவும் என் தப்பில்லை. கேட்டைத் தாங்கும் தூணைக் கொத்தனார் நட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கான்கிரீட் இறுகட்டும், இன்னும் மூன்று நாள் பொறுங்கள் என்றேன். மாப்பிள்ளைக்குப் பொறுமை கிடையாது. மாட்டச் சொன்னார், மாட்டினேன், தூண் முக்கால் இன்ச் சாய்ந்தது. அன்றைக்குப் பார்த்து அங்கே ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். அவரிடம் விறகு வாங்கும் பேக்கரிக்காரர், சுமை தூக்குகிறவர்கள், எதிர்வீட்டுக் குடும்பம். மாப்பிள்ளை கேட் சாய்ந்த பக்கமே தன் கழுத்தையும் சாய்த்துக்கொண்டு, அப்படியே உள்ளே நடந்து காட்டினார். "இனிமே நம்ம மச்சான் பேரு கோணல்" என்றார். எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுமாதம் டீக்கடையில் "கோணலுக்கு ஒரு டீ" என்று குரல் வந்தது. இரும்புக்கடை ரசீதில் 'கோணல் பட்டறை' என்று எழுதிக் கொடுத்தார்கள். தூணைத் தோண்டி எடுத்து என் செலவில் நிமிர்த்தி வைத்தேன். கேட் நேராகிவிட்டது, பேர் ஆகவில்லை. இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்கிற ஆள் இல்லை நான். ஏழு வருடம் நான்கு மாதம் ஆகிறது, யாரிடமும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் செய்ததற்குக் காரணம் என் தங்கையின் விரல்கள். அதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா அம்மா போனபிறகு அவளைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்தது நான். மாப்பிள்ளைக்கு விறகு வியாபாரம். கீழே தோப்பில் வெட்டிய கட்டைகளை டிராக்டரின் முன்பக்கப் பக்கெட்டில் அள்ளி, சரிவில் ஏற்றி, மேலே கொட்டகையில் கொட்டவேண்டும். பழைய பக்கெட் மண் அள்ளுவதற்காகச் செய்தது, தடித்த தகடு, வெறும் பக்கெட்டே இருநூறு கிலோ. அதை வண்டியில் மாட்ட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டியில் உட்கார்ந்து லிவரைப் பிடிக்க, இன்னொருவர் கீழே நின்று துளைக்கு நேர் துளை பார்த்து இரும்புப் பின்னைச் சொருகவேண்டும். கீழே நின்றது அவள். அவர் லிவரைக் கொஞ்சம் முந்தி இழுத்துவிட்டார். இடதுகையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் போய்விட்டன.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் என்னிடம் சொன்னது ஒன்றுதான். "கைய எடுன்னு சொன்னேன் மச்சான், அவ எடுக்கல." அன்றைக்கே அவர் கழுத்தை நெரித்திருக்கலாம். காப்பி வாங்கிக் கொடுத்தேன். உள்ளே போனால் அவளும், "விடுண்ணா, அவரே நேத்துலேருந்து சாப்பிடல" என்கிறாள். அவள் மன்னித்துவிட்டாள், சரி. அண்ணன் என்று ஒருத்தன் எதற்கு இருக்கிறான் என்று நான் நினைத்தேன். இரண்டு வருடம் அந்த ஆளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த இரண்டு விரல்தான் தெரிந்தது. எதிரே வந்தால் சிரித்தேன்.

போன மாதம் அவராகவே பட்டறைக்கு வந்தார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் மெதுவாக உட்கார்ந்தார்.

"மச்சான், விறகு அள்ள அந்தப் பழைய பக்கெட்டு வேண்டாம். வண்டி சின்னது, தெணறுது. லேசா ஒண்ணு செஞ்சு குடுங்க. ஒரே ஆளு தள்ளி மாட்டுற மாதிரி இருக்கணும்."

"எவ்வளவு லேசா?"

"எவ்வளவு முடியுமோ அவ்வளவு." வாசல்வரை போனவர் திரும்பினார். "கோணலா மட்டும் வேண்டாம்."

அவர் போனதும் தரையில் சாக்பீஸால் படம் போட்டேன். ஐந்தடி அகலம், மூன்றடி ஆழம். அடியில் தகடு வேண்டியதில்லை, விறகு என்ன மண்ணா சிந்துவதற்கு. ஒன்றரை இன்ச் ஸ்கொயர் பைப்பைச் சட்டம் சட்டமாக இடைவெளி விட்டு வைத்தால் போதும். பக்கத்துக்குத் தகடு, அதுவும் மூன்று மில்லி. முன்வாயில் மட்டும் ஒரு தடித்த பட்டை. பின்னால் கம்பிவேலி மாதிரி ஒன்பது பைப், மூன்றடி உயரம். பைப்பையும் தகட்டையும் அளந்து வெட்டி, பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். எண்பத்து மூன்று கிலோ வந்தது. இருநூறு எங்கே, எண்பத்து மூன்று எங்கே. எனக்கே பெருமையாக இருந்தது.

பின்னால் நிற்கும் அந்த ஒன்பது பைப்பை முதுகு என்போம். அது எதற்கென்று நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும், ஏனென்றால் அறிக்கையில் அது இல்லை. பட்டை உரித்த உருண்டைக் கட்டைகளைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு மேடேறினால், வண்டியின் மூக்கு மேலே போகும், பக்கெட் பின்பக்கம் சாயும். கட்டைகள் பின்னால்தான் உருளும். முதுகு இருந்தால் அதில் முட்டி நின்றுவிடும். இல்லாவிட்டால் பக்கெட்டைத் தூக்கும் இரும்புக் கைகள் இரண்டும் தண்டவாளம்போலக் கட்டைகளை நேரே ஓட்டுகிறவர் மடிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த வண்டிக்கு மேல்கூரையும் கிடையாது.

பக்கெட்டைத் தாழ்வாக வைத்து ஓட்டினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த வீட்டில் அப்படி ஓட்டமாட்டார்கள். தாழ்வாக வைத்தால் விறகு பாதையை மறைக்கிறது என்று, தலைக்குமேல் தூக்கிவிட்டு, அதற்கு அடியில் குனிந்து பாதையைப் பார்த்து ஓட்டுவது மாப்பிள்ளையின் வழக்கம். பழைய பக்கெட்டுக்கு முதுகு உண்டு, அதனால் பிழைத்துக்கொண்டிருந்தார்.

தரையில் போட்ட படத்தில் அந்த ஒன்பது கோட்டையும் காலால் தேய்த்து அழித்தேன். எழுபத்திரண்டு கிலோ ஆயிற்று. லேசாக வேண்டும் என்றது அவர். எங்கே குறைப்பது என்பது என் தொழில்.

வேலையில் நான் எந்தத் திருட்டுத்தனமும் செய்யவில்லை. ஒவ்வொரு இணைப்பிலும் இரண்டு பக்கமும் பற்றவைத்தேன். பிசிறு இல்லாமல் கிரைண்டர் போட்டேன். குறுக்குவாட்டில் அளந்தேன், இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நூல் பிசகவில்லை. சனிக்கிழமை மாப்பிள்ளை பார்க்க வந்தபோது, "பின்னாடி குட்டையா இருக்கே" என்று கேட்கவும் செய்தார். "லேசா வேணும்னீங்களே. மேல வரைக்கும் அடுக்காதீங்க, தாழ்த்தியே ஓட்டுங்க" என்றேன். பக்கத்தில் பெயிண்டர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், விசாரித்துப் பாருங்கள். மாப்பிள்ளை ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவார் என்று எனக்குத் தெரியும். அந்த ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். ஒரு மாதத்துக்குள் நடந்துவிடும் என்று கணக்கு வைத்திருந்தேன்.

இரண்டே நாளில் நடந்தது. திங்கட்கிழமை காலை. இறந்தவர் என்று நீங்கள் எழுதியிருப்பது என் தங்கையை.

இனி கேட்பதற்கு ஒன்றுதான் இருக்கும் உங்களுக்கு. அவள் வண்டி ஓட்டுவாள் என்று இவனுக்குத் தெரியாது, பாவம், குறி தப்பிவிட்டது என்று நினைப்பீர்கள். அப்படி நினைத்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். நேற்றுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் வேலையைப் பற்றி உண்மை சொல்ல வந்துவிட்டு, இதை மட்டும் பூசி மெழுகினால் சரியாக இருக்காது.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் பக்கெட்டை எடுத்துப்போக டிராக்டரில் வந்தது அவள்தான். தனியாக வந்தாள்.

"அவருக்கு இடுப்புல ஜவ்வு விலகிருச்சுண்ணா. டாக்டர் வண்டியில ஏறவே கூடாதுன்னுட்டாரு. ரெண்டு மாசமா நான்தான் ஓட்டுறேன்."

என்னை விலகி நிற்கச் சொன்னாள். இடுப்பால் பக்கெட்டை ஒரு தள்ளு தள்ளினாள், மூன்று விரல் கையால் நகர்த்தித் துளைக்கு நேர் துளை பார்த்தாள், பின்னைச் சொருகினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பாத்தியா, ஒரே ஆளு" என்றாள். "அவரு எனக்காகத்தான் லேசா கேட்டாரு. மறுபடி என் கை மாட்டிறக்கூடாதுன்னு அவருக்கு ஒரே பயம். இன்னமும் கனாக் கண்டு எந்திரிச்சு என் கையத் தடவிப் பாக்குறாரு."

அந்த ஒன்பது பைப்பும் அவளுக்குப் பின்னால் சுவரில்தான் சாய்ந்திருந்தன. அளந்து வெட்டி, ஒன்றிலிருந்து ஒன்பதுவரை சாக்பீஸால் எண் போட்டு வைத்தவை. இப்போதும் அங்கேயே இருக்கின்றன, போய்ப் பார்க்கலாம். பற்றவைக்க இரண்டு மணி நேரம் போதும். பட்டறையில் மின்சாரம் இருந்தது, வெல்டிங் ராடு இருந்தது, வேறு வேலையும் இல்லை. "இறங்கு, ஒரு டீ குடி, ஒரு சின்ன வேலை பாக்கி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டேன், சார். அது சத்தியம்.

அவள் இரண்டடி பின்னால் போய்ப் பக்கெட்டை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் புருஷன் அன்றைக்குச் செய்த மாதிரியே கழுத்தை ஒரு பக்கம் சாய்த்தாள்.

"பரவாயில்லையே கோணல் அண்ணா" என்றாள். "இது நேராத்தான் நிக்குது."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் இத்தனை வருடமாக அவளும் அந்தப் பேரைச் சொல்லித்தான் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. திறந்த வாயை மூடிக்கொண்டேன். தாழ்த்தி ஓட்டு என்று அவளிடம் சொல்லவில்லை. "பாத்துப் போ" என்றேன். கை அசைத்துவிட்டுப் போனாள். புருஷனிடம் ஓட்டக் கற்றவள், அவரைப் போலத்தான் தூக்கி ஓட்டுவாள்.

பத்தரைக்கு என்ன ஆயிற்று என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதினெட்டுக் கட்டைகள் என்று எண்ணியிருக்கிறீர்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

இதை நான் சொல்லாமலே இருந்திருக்கலாம். யாருக்கும் என்மேல் சந்தேகம் இல்லை. மாப்பிள்ளை உங்களிடம் அழுதுகொண்டே கொடுத்த வாக்குமூலத்தையும் படித்தேன். 'மச்சான் நல்ல மனுஷன், வேலைதான் எப்பவும் கோணல்' என்று சொல்லியிருக்கிறார். அதை வைத்துத்தானே அந்த வரியை எழுதினீர்கள். அதைப் படித்துவிட்டு எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை.

அவள் விரலுக்காகத்தான் செய்தேன். அதில் மாற்றம் இல்லை. அவளுக்காக இந்த உலகத்தில் யோசித்தவன் நான் ஒருத்தன்தான்.

பக்கெட் உங்கள் ஸ்டேஷன் பின்கட்டில்தான் கிடக்கிறது. ரசமட்டத்தைக் கையோடு கொண்டுவந்திருக்கிறேன், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு, 'பக்கெட் சரியாகவே செய்யப்பட்டிருந்தது' என்று அந்த வரியை மாற்றுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அப்புறம், முதல் பக்கத்தில் என் பெயருக்குப் பக்கத்தில் 'என்கிற கோணல்' என்று போட்டிருக்கிறது. அதையும் அடித்துவிடுங்கள், சார்.