இலை எடுத்த பிறகு

— அந்த இங்கிலீசு வார்த்தைங்களை இன்னொருக்கா சொல்லுங்க மாமா. பஸ் மலை எறங்கி காளப்பநாயக்கன்பட்டி சேர்றதுக்குள்ள வளைவுல தலை சுத்திரும். அப்பறம் ஒண்ணும் மண்டையில நிக்காது.

— டெசர்ட். ஒரு எஸ். பாலைவனம்.

— ரெண்டு எஸ் போட்டா பாயசம்.

— பாயசம் மட்டும் இல்ல. சாப்பாட்டுக்கு அப்பறம் வர்ற எந்த இனிப்பும். அது டிசர்ட்.

— ஒரு எழுத்துத்தானே வித்தியாசம். அண்ணன் தம்பியா?

— இல்ல குழலி. வேற வேற வம்சம். முதலாவது லத்தீன். விட்டுட்டுப் போன இடம்னு அர்த்தம். ரெண்டாவது பிரெஞ்சு. சாப்பிட்ட மேசையைச் சுத்தம் பண்றது.

— நம்ம இலை எடுக்கற மாதிரி. ஆனா நம்ம பந்தியில இலை போட்டதுமே இனிப்பு வெச்சிருவாங்களே?

— கடைசியில வெக்கறது அவங்க வழக்கம்.

— ஸ்டேஷனரி? அதுலயும் ரெண்டு இருக்கே.

— ரெண்டும் ஒரே வம்சம். மத்த ஏவாரிங்க ஊர் ஊரா சுத்தினப்போ, நின்ன இடத்துல கடை போட்டவன் ஸ்டேஷனர். புஸ்தகம், காகிதம் வித்தான். கடைசி 'ஆர்'க்கு முன்னாடி 'ஏ' வந்தா நகராதது. 'ஈ' வந்தா அவன் சரக்கு.

— நகராததுன்னா உங்களை மாதிரி. அக்கா செத்ததுல இருந்து இப்படியேதான் இருக்கீங்க.

— பஸ் வருதா பாரு.

— வரலீங்க. கோயில்ல இந்நேரம் பூ கேட்டிருப்பாங்க.

— தெரியும்.

— பூசாரி எடுக்கற பொட்டலத்துல செவப்புப் பூ வந்தா விட்டுருவாங்களாம். வெள்ளை வந்தா தையில உங்களுக்கும் எனக்கும் கல்யாணமாம். இலை எடுத்தாச்சு, இனிப்பு வைக்கறாங்க. நான் இனிப்பு இல்லீங்க மாமா. பேங்க் பரிச்சை எழுதப் போறவ.

— அத்தைகிட்டச் சொன்னியா?

— சொன்னேன். சின்னப்புள்ள பேச்சுன்னு அம்மா சிரிச்சுது. நீங்க ஒரு வார்த்தை சொன்னா நின்னுரும்.

— பொண்ணைப் பறிகொடுத்தவங்க. அவங்ககிட்ட எப்படிச் சொல்றது? பூவே சொல்லட்டும்.

— அதான் சொல்ல வெச்சுட்டேன்.

— என்னது?

— காலையில பொட்டலம் மடிச்சது நான்தான். ரெண்டுலயும் செவப்பு அரளி. பூசாரி எதை எடுத்தாலும் வேண்டாம்னுதான் வரும்.

— அடிப்பாவி. சாமிகிட்டயேவா?

— சாமி கோவிச்சுக்காது. அம்மாதான் கோவிச்சுக்கும். பாருங்க, உங்க போனு அடிக்குது. அம்மாதான். ஸ்பீக்கர்ல போடுங்க.

— சொல்லுங்க அத்தை.

— ஏனுங்க மாப்ளே, வெள்ளைப் பூ வந்துருச்சுங்க! குழலி மடிச்ச பொட்டலம் வழியிலயே பிஞ்சு போச்சு. நானே வேற மடிச்சு வெச்சேன். சாமி கண்ணைத் தொறந்துருச்சு!

— ரெண்டுலயும் வெள்ளைதானேம்மா வெச்சே?

— நீ சும்மா இரு கண்ணு. மாப்ளே, தையில வெச்சுக்கலாமுங்களா?

— மாமா, பஸ் வந்துருச்சு. அம்மாவுக்கு என்ன சொல்லப் போறீங்க?

— நீ ஏறு. சன்னலோரமா உக்காரு. அத்தை, பூவைக் கேட்டுட்டீங்க. இப்ப என்னைக் கேளுங்க. வேண்டாம்.