கொதிகலன் மனிதனின் முதல் வாசகி

மரவேலை எனக்கு வராது, ஐயா. அந்தக் கட்டிலைப் புரூக்ளினில் ஒரு கடையில்தான் வாங்கினேன். சின்னக் குழந்தைகள் படுக்கிற கட்டில். "பையனுக்கா, பொண்ணுக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். "எங்க எடிட்டருக்கு" என்றேன். சிரித்தார். நானும் சிரித்தேன்.

'கொதிகலன் மனிதன்' சித்திரக்கதையை ஆரம்பத்திலிருந்து நான்தான் எழுதுகிறேன். கவசம் போட்டவன் கெட்டவர்களை உதைக்கிற கதை என்றுதான் நியூயார்க்கே நினைக்கிறது. உண்மையில் ஒவ்வொரு இதழிலும் ஒரு கிரேக்கப் புராணத்தை ஒளித்து வைத்தேன். சுரங்க ரயில் பாதையில் வழி தவறியவனை ஒரு நூல்கண்டு காப்பாற்றும். மெழுகு இறக்கை கட்டிய திருடன் வெயிலில் உருகி ஆற்றில் விழுவான். யாராவது கண்டுபிடித்து ஒரு வரி எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். எழுதினார்கள். கவசத்தோடு அவன் எப்படி ஒன்றுக்குப் போகிறான் என்று கேட்டு.

பிறகு ராபர்ட்டா ஃபின்ச் எடிட்டராக வந்தாள். நல்ல உயரம், கெட்டிக்காரி. அவள்மேல் எனக்குக் கோபம் கிடையாது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

"என்ன எர்வின், மறுபடியும் நூல்கண்டா? உன் ஹீரோ ஸ்வெட்டர் பின்னப் போறானா?"

"அது புராணம், ராபர்ட்டா."

"புராணமோ புடலங்காயோ, பக்கத்துக்குள்ள அடங்கணும். நீளமா இருந்தா வெட்டுவேன். கம்மியா இருந்தா நாலு சண்டையைப் போட்டு இழுத்து விடு."

வழிப்போக்கர்களை விருந்துக்கு அழைத்துக் கட்டிலில் கிடத்தி, நெட்டையானவர்களை வெட்டியும் குட்டையானவர்களை இழுத்தும் அளவுக்குக் கொண்டுவந்த கொள்ளைக்காரன் ஒருவன் அந்தப் புராணத்தில் உண்டு. தன் தொழிலுக்கு இவ்வளவு பழைய பரம்பரை இருப்பது அவளுக்குத் தெரியவில்லையே என்று வருத்தமாக இருந்தது. அதை எடுத்துக்காட்டுவது என் கடமை என்று பட்டது.

ஞாயிறு மதியம் சாப்பிடக் கூப்பிட்டேன். கோழி சூப்பில் தூக்க மாத்திரை கலந்தேன். அவள் கண் விழித்தபோது அந்தக் கட்டிலில் கட்டுண்டு கிடந்தாள். கணுக்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

"எர்வின், பைத்தியம் புடிச்சிருக்கா உனக்கு? அவுத்து விடுடா!"

அண்டை அயலாருக்குத் தொந்தரவு கூடாதே என்று வாயில் துணியை வைத்தேன். "இது எந்தக் கதைன்னு சொல்லிடு, விட்டுடறேன்" என்றேன். கதை நடப்பது ஏதென்ஸ் போகிற வழியில் என்று குறிப்புகூடக் கொடுத்தேன். அவள் எதையோ திரும்பத் திரும்ப முனகினாள். தெளிவாக இல்லை. தெளிவில்லாத விடையை ஏற்றுக்கொள்வது முறையல்ல. விளிம்பைத் தாண்டியதை ரம்பத்தால் எடுத்தேன். அவளும் அதைத்தானே செய்வாள்?

ஆம்புலன்ஸை நானே கூப்பிட்டேன். நல்ல எடிட்டரை இழக்க எனக்கு மனமில்லை.

ஆம்புலன்ஸில் போகிற வழியில் அவள் உங்கள் போலீஸ்காரரிடம் சொன்னதை இப்போது நீங்கள் படித்துக் காட்டினீர்கள். "அந்தக் கொள்ளைக்காரன் பேரைத்தான் கத்திக்கிட்டே இருந்தேன். கடைசில அவனையும் அதே கட்டில்ல போட்டுத்தான் வெட்டினாங்கன்னு அந்த நாய்க்குச் சொல்லுங்க."

ஆக, அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முடிவுகூடத் தெரிந்திருக்கிறது. எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா, ஐயா?

புது இதழ் செவ்வாய்க்கிழமை வருகிறது. ஒன்றை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி வையுங்கள். கடைவரைக்கும் நடந்துபோய் வாங்க அவளால் முடியாது.